தினமும் ஓட்டும் 350 ஹெச்பி டர்போ காருக்கு எந்தக் கனெக்டிங் ராடு?

கேள்வி: நாகர்கோவிலில் தினமும் ஓட்டும் கார். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 350 ஹெச்பி வரை ஏற்றப் போகிறேன், ரெட்லைன் (உச்ச வேகம்) நிமிடத்துக்கு 7,000 சுற்று. 4340, 300எம், அலுமினியம், டைட்டானியம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்19 போல்ட் போட்ட செட் ஒன்றைக் கடைக்காரர் வற்புறுத்துகிறார். எதை வாங்கலாம்?

பதில்: 4340 என்ற நிக்கல்-குரோமியம் கலந்த ஃபோர்ஜ்டு ஸ்டீல், எச்-பீம் (குறுக்கு வெட்டில் எச் எழுத்து வடிவம்), ஏஆர்பி கம்பெனியின் 2000 ரகப் போல்ட். அதற்கு மேல் போகவேண்டாம். எல்19 இந்த ஊருக்கு ஆகாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கனெக்டிங் ராடு என்பது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு. முதலில் அது தாங்கவேண்டிய சுமையைப் பார்ப்போம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 84 மி.மீ., ராடு நீளம் 148 மி.மீ., பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்து அரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். 7,000 சுற்றில் பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் கணத்தில் ராடை இழுக்கும் விசை கிட்டத்தட்ட 1,480 கிலோ. 8,000 சுற்றில் அது 1,930 கிலோ ஆகிவிடும். சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிற கணக்கு. இந்த இழுப்பில் முதலில் கைவிடுவது, ராடின் கீழ்முனையைக் கிராங்கில் பூட்டும் கேப் போல்ட்தான்.

டர்போ செய்வது வேறு வேலை. 82.5 மி.மீ. போரில் (சிலிண்டர் உள்விட்டத்தில்) எரிப்பழுத்தம் 120 பார் வந்தால் பிஸ்டன் தலையில் ஆறரை டன் இறங்குகிறது. ஆறாம் கியரில் 2,000 சுற்றில் ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தால் இந்த அமுக்கம் மட்டும்தான் இருக்கும், அதைக் குறைக்கும் இழுப்பு இருக்காது. கம்பெனி ராடு வளைவது பெரும்பாலும் இங்கேதான். 3,500 சுற்றுக்குக் கீழே டார்க்கை அடக்கி ட்யூன் செய்யச் சொல்லுங்கள். ராடு வளைந்த சந்தேகம் வந்தால் ஹெட்டைக் கழற்றி, நாலு பிஸ்டனும் உச்சியில் நிற்கும் உயரத்தை டயல் கேஜில் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அந்த ராடு போயிற்று.

அலுமினியம் எடை குறைவுதான். ஆனால் ஸ்டீலுக்கு இருப்பதுபோல ‘இந்தச் சுமைக்குக் கீழே எத்தனை கோடி சுற்றானாலும் தாங்கும்’ என்ற எல்லை அதற்குக் கிடையாது. திருவனந்தபுரத்துக்கு இரண்டு மணி நேரம், சராசரி 2,000 சுற்று என்றால் ஒரு வழிக்கே 2,40,000 சுற்று. நேர்கோட்டில் சில நொடிகளே ஓடும் டிராக் (drag) ரேஸில் ஒரு ஓட்டம் ஆயிரத்துச் சொச்சம். சூட்டில் நீளவும் செய்யும்; ஸ்டீல் ராடுக்குப் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே 1 மி.மீ. போதும் என்றால் இதற்கு 1.5 மி.மீ. விடவேண்டும்.

டைட்டானியத் தாது மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கிறது, அதில் செய்த ராடுதான் நம் பணப்பைக்கு எட்டாது. 1990-இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸிலேயே கம்பெனி போட்டுக் கொடுத்ததுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிக் எண்டின் (கிராங்கில் மாட்டும் பெரிய முனையின்) பக்கவாட்டு முகம் கிராங்கில் உரசினால் பற்றிக்கொள்ளும் உலோகம் அது. மேல்பூச்சு தேய்ந்த பிறகு ராடும் கெடும், கிராங்கும் கெடும். 300எம் என்பது 4340-இல் சிலிக்கானைக் கூட்டி வெனேடியம் சேர்த்தது. 350 ஹெச்பிக்கு வீண் செலவு.

4340 என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி உள்ள உலோகச் சோதனைக்கூடத்தில் ஒரு ராடைக் காட்டுங்கள்: நிக்கல் 1.65 முதல் 2.00 சதவீதம், குரோமியம் 0.70 முதல் 0.90, மாலிப்டினம் 0.20 முதல் 0.30 வரவேண்டும். அந்தக் கருவி கார்பனைக் காட்டாது. அதனால் கடினத்தையும் ராக்வெல் கருவியில் பார்த்துவிடுங்கள், நாலு ராடும் ஒன்றுபோல வருகிறதா என்பது முக்கியம். லேத் பட்டறையில் இதன் உறவுக்கார ஸ்டீல் இஎன்24. அந்த உருளையில் செதுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஹீட் ட்ரீட்மெண்ட் எங்கே, ஷாட் பீனிங் (சிறு குண்டுகளால் அடித்து மேற்பரப்பை வலுவாக்குவது) எங்கே என்று கேளுங்கள். பதில் வராது.

இனி போல்ட். ஏஆர்பி 2000-இன் இழுவலிமை 2,20,000 பிஎஸ்ஐ, எல்19-க்கு 2,60,000. காகிதத்தில் எல்19 ஜெயிக்கும். ஆனால் அந்த ஸ்டீலுக்கு ஈரமே எமன். விரல் வியர்வை பட்ட இடத்தில் அரிப்பு தொடங்கி, ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, ஒருநாள் சொல்லாமல் ஒடியும். தயாரிப்பாளரே எப்போதும் எண்ணெய் பூசி வைக்கச் சொல்கிறார். குளச்சல் பக்கம் ஒரு பட்டறையில் எண்ணெய் போடாத ஸ்பேனரை ஒரு வாரம் மேசையில் விட்டுப் பாருங்கள், உப்புக்காற்று என்ன செய்யும் என்று தெரியும். வடசேரிக்கும் கோட்டாறுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் கார் என்றால் ஆயில் முழுச் சூடு ஏறாமல் கிராங்க் கேஸுக்குள்ளும் நீர் கோக்கும். ஏஆர்பி 2000-ஐவிட வலு கட்டாயம் வேண்டுமென்றால் துருவுக்கு அசையாத கஸ்டம் ஏஜ் 625+ வாங்குங்கள், விலை மட்டும் கொஞ்சம் கடிக்கும்.

பூட்டும்போது டார்க் ரெஞ்சை மட்டும் நம்பாதீர்கள். அதே டார்க்குக்கு, பெட்டியோடு வரும் கிரீஸில் ஒரு இறுக்கம், என்ஜின் ஆயிலில் வேறொரு இறுக்கம். போல்ட் எவ்வளவு நீண்டது என்று காட்டும் ஸ்ட்ரெட்ச் கேஜ் வைத்து, ராடோடு வந்த தாளில் உள்ள நீட்சி வரும்வரை இறுக்குங்கள். போடும் முன்பே எட்டு போல்ட்டின் நீளத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். பின்னாளில் கழற்றும்போது எது 0.025 மி.மீ. நீண்டிருக்கிறதோ அது குப்பைக்கு.

கேப்பை முழு இறுக்கத்தில் பூட்டி, பேரிங் போட்டு, உள்விட்டத்தைப் போர் கேஜில் பாருங்கள். கிராங்கில் ராடு மாட்டும் இடமான ஜர்னல் 48 மி.மீ. என்றால், அதற்கு 0.05 மி.மீ. ஒட்டிய இடைவெளி சரியாக இருக்கும். ராடுகளுக்குள் எடை வித்தியாசம் ஒரு கிராமைத் தாண்டக்கூடாது, இரண்டு முனையையும் தனித்தனியே நிறுக்கவேண்டும். பீமில் பஞ்ச் அடித்து எண் போடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும், மார்க்கர் பேனா போதும். எச்-பீம் அகலம் என்பதால் பிஸ்டனுக்கு ஆயில் பீய்ச்சும் ஜெட்டில் இடிக்கலாம். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, எங்கும் 1.5 மி.மீ. இடைவெளி இருப்பதைப் பார்த்த பிறகே சம்ப்பை மூடுங்கள்.