கடைக்காரர் திறந்துகொடுத்த கணக்கு

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். சர்க்கரை நோயால் காலில் வந்த புண்ணைப் பற்றியும் அவசரக் கடனைப் பற்றியும் கைப்பேசியில் தேடினேன். மறுநாள் மகன் தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, “அம்மா, காலில் புண்ணா? அவசரக் கடன் எதற்கு?” என்று கேட்கிறான். கடன் விளம்பரமும் விடாமல் வருகிறது. தேடுபொறி நிறுவனம் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறதா? இரண்டு கைப்பேசிகளையும் டவுனில் ஒரே கடையில்தான் வாங்கினோம்.

பதில்: ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை, அம்மா. எழுத்தெழுத்தாக நீங்களே கொடுத்துவிட்டீர்கள். மகனுக்குத் தெரிந்த காரணம் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. கடையில் இரண்டு கைப்பேசிகளுக்கும் ஒரே கூகுள் கணக்கைப் போட்டுக்கொடுத்திருப்பார்கள். தேடல் பெட்டியில் விரலை வைத்தாலே சின்னக் கடிகாரக் குறியுடன் பழைய தேடல்கள் வந்து நிற்கும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டில் கேட்பதுபோலத்தான் இதுவும்.

கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, மீட்பு எண், அதாவது கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்க உதவும் தொலைபேசி எண், யாருடையது என்று பாருங்கள். கடைக்காரருடையதாக இருந்தால் உங்கள் எண்ணைச் சேர்த்துவிட்டு அதை நீக்குங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். இணைந்திருக்கும் மற்றக் கைப்பேசிகளை வெளியேற்றிவிட்டு, மகனுக்குத் தனிக்கணக்கு திறந்துகொடுங்கள்.

இதனால் கூகுளுக்கு நான் நற்சான்றிதழ் தருவதாக நினைக்காதீர்கள். இடப்பதிவை நிறுத்தியவர்களின் இருப்பிடத்தையும் அது வேறொரு பதிவின் வழியாகச் சேமித்து வந்ததை 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. 2022-இல் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்து அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது. அந்த வேறொரு பதிவின் பெயர் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’, அதாவது நம் தேடல்களையும் செயலிப் பயன்பாட்டையும் குறித்துவைக்கும் பதிவு. உங்கள் கால் புண்ணும் கடனும் பதிவாகியிருப்பது அதே இடத்தில்தான். கணக்கின் தரவு, தனியுரிமைப் பகுதியில் அதை நிறுத்தி, பழையவற்றையும் அழியுங்கள். முழுவதும் நிறுத்த மனமில்லையென்றால், 3 மாதத்தில் தானே அழியும்படி வைக்கலாம்.

கைப்பேசியில் தேடல் வரலாற்றைச் சேமிக்காத ‘இன்காக்னிட்டோ’ முறையில் தேடினால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது மகனிடமிருந்து மறைக்கும், நிறுவனத்திடமிருந்து மறைக்காது. இதற்காக 2020-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், சேர்த்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

கடன் விளம்பரம் வேறு கதை. தனிப்பயன் விளம்பரத்தை அணைத்தால் பின்தொடர்வது குறையும். ஆனால் ‘கடன்’ என்று தேடும் பக்கத்தில் அது வந்தே தீரும், அந்தச் சொல்லுக்குத்தான் விளம்பரதாரர் பணம் கட்டுகிறார். எனக்குப் பெரிய பயம் இங்கேதான். அந்த விளம்பரத்தைத் தொட்டு, அடையாள அட்டைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் எந்த அமைப்பை மாற்றியும் திரும்பப் பெற முடியாது. முன்பணமோ ஏடிஎம் அட்டையோ கேட்பவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடைமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது.

காலைப் பற்றி மகனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு அவனையே அழைத்துப்போகச் சொல்லுங்கள். சர்க்கரைப் புண்ணைத் தள்ளிப்போடக் கூடாது.