பவலும் ஹவெலும் ஒரே குடும்பமா?

கேள்வி: என் கணவரின் முன்னோர் வேல்ஸ்காரர்கள். குடும்பப் பெயர் பவல். 1700-களின் தேவாலயப் பதிவேட்டைப் பார்த்தால் அந்த ஊரில் பவல் என்று யாருமே இல்லை. 'டேவிட் அப் ஹவெல்' என்று ஒருவர் இருக்கிறார். இவர் எங்கள் ஆள்தானா? 'மக்', 'ஓ', 'ஃபிட்ஸ்' போன்ற மற்ற முன்னொட்டுகளைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: இருக்கலாம். வேல்ஸ் மொழியில் 'அப்' என்றால் மகன். 'அப் ஹவெல்' என்பதைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லியே 'பவல்' ஆனது. ரிஸ் மகன் பிரைஸ், ஹியூ மகன் பியூ, ஓவன் மகன் போவன் எல்லாம் இப்படி வந்தவைதான்.

ஆனால் அவசரப்பட்டு வம்சாவளியில் ஏற்றிவிடாதீர்கள். இது நம் இனிஷியல் மாதிரி, தலைமுறைக்குத் தலைமுறை மாறும். டேவிட் அப் ஹவெலுக்குத் தாமஸ் என்று ஒரு மகன் இருந்தால் அவர் தாமஸ் அப் டேவிட். அவரையே இன்னொரு எழுத்தர் தாமஸ் டேவிஸ் என்று எழுதியிருப்பார். கிராமப்புறங்களில் இந்த வழக்கம் 1800-களின் தொடக்கம் வரை இருந்தது. ஏதோ ஒரு தலைமுறையில் அப்பா பெயர் அப்படியே நிலைத்துக் குடும்பப் பெயராகிவிட்டது. உங்களுக்கு வேண்டியது அப்படிப் பெயர் நிலைத்துவிட்ட அந்த ஹவெல். வேறு எந்த ஹவெலும் அல்ல.

பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு தொடங்கிய 1837 ஜூலையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பெயரை விடப் பண்ணையின் பெயரை நம்புங்கள். குடும்பப் பெயர் மாறினாலும் பண்ணைப் பெயர் பெரும்பாலும் மாறாது. பெண்களைத் தேடும்போது 'அப்' இருக்கும் இடத்தில் 'வெர்ச்' என்று வரும், அதாவது மகள். கல்யாணத்துக்கு அப்புறமும் பலர் அப்பா பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதனால் பாட்டியின் அடக்கப் பதிவைக் கணவர் பெயரில் மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

மற்ற முன்னொட்டுகளையும் கேட்டிருந்தீர்கள். 'மக்' என்றாலும் மகன்தான். அதை 'Mc' என்று சுருக்கி எழுதினாலும் 'Mac' என்று விரித்து எழுதினாலும் ஒன்றுதான். சுருக்கினால் அயர்லாந்து, விரித்தால் ஸ்காட்லாந்து என்பது வெறும் நம்பிக்கை. அயர்லாந்தின் 'ஓ' பேரன் அல்லது வழித்தோன்றலைக் குறிக்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் பலர் அதை விட்டுவிட்டார்கள், ஆகவே ஓ இல்லாமலும் தேடுங்கள். நார்மன்கள் கொண்டுவந்த 'ஃபிட்ஸ்' என்றாலே முறைதவறிப் பிறந்தவர் என்பதும் தவறு. அரசர்களின் அத்தகைய பிள்ளைகளுக்கு 'ஃபிட்ஸ்ராய்', அதாவது அரசனின் மகன், என்று பெயர் வைத்ததால் வந்த குழப்பம் அது. ஃபிட்ஸ்ஜெரால்ட் என்றால் ஜெரால்டின் மகன், அவ்வளவுதான்.

டேவிட் விஷயத்துக்கு உயில் தேடுவதுதான் நல்ல வழி. 1858-க்கு முந்தைய வேல்ஸ் உயில்கள் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் அப்பா, பிள்ளைகள், பண்ணை எல்லாம் ஒரே தாளில் வந்துவிட்டால் உங்கள் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.