ஒரு எலக்ட்ரான் மோதி ஒரு மூலக்கூறிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்குவது எப்படி? மூலக்கூறு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது எதற்கு முக்கியம்?

ஹைட்ரஜன் மூலக்கூறையே எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு எலக்ட்ரான்களையும் வெளியேற்ற சுமார் 51 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும்.

வழிகள் மூன்று. மோதும் எலக்ட்ரானே இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டிவிடலாம். வேகம் கூடக்கூட இந்த வழி மங்கிவிடும். முதலில் கிளம்பியது போகிற போக்கில் மற்றதை இடித்துத் தள்ளலாம். அல்லது ஒன்று சட்டென்று போனதும் மின்புலம் திடீரென மாறி, மற்றது தானாகவே உதிரலாம். இந்த மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: எலக்ட்ரான்கள் தனித்தனியாக வாழ்வதில்லை என்பதை அது நேரடியாகக் காட்டுகிறது.

சரி, கண்ணுக்கே தெரியாத மூலக்கூறின் திசையை எப்படி அறிவது? எலக்ட்ரான்கள் போனபின் மிஞ்சுவது இரண்டு புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜனின் இரு கருக்கள். 0.74 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்) இடைவெளியில் இருக்கும் அவை ஒன்றையொன்று விரட்டி, ஆளுக்குச் சுமார் 9.7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் எதிரெதிரே பறக்கும். மூலக்கூறு சுழல நேரமே இருக்காது. எனவே அவை பறந்த கோடுதான் மோதிய கணத்தில் மூலக்கூறின் அச்சு, அதாவது இரு கருக்களையும் இணைக்கும் கோடு. புரோட்டான்களையும் எலக்ட்ரான்களையும் ஒரே நிகழ்வில் சேர்த்துப் பிடித்தால் போதும்.

அச்சு தெரிந்தால் என்ன லாபம்? இரு கருக்களிலிருந்தும் வரும் எலக்ட்ரான் அலைகள், இரு பிளவுகள் வழியே வரும் அலைகள் கலக்கும் இரட்டைப் பிளவுச் சோதனையில் போல, ஒன்றோடொன்று குறுக்கிட்டு ஒரு கோலம் போடும். அச்சு திரும்பினால் அந்தக் கோலமும் மாறும். திசை தெரியாமல் சராசரி எடுத்தால் அது பெரும்பாலும் கலைந்துபோகும்.