ஓசூரில் வாங்கிய பழைய சர்வரில் டெபியன் டிவிடி பூட் ஆகாதது பற்றி

டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) டிவிடியை எத்தனை முறை எழுதினாலும் பூட் ஆகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். திரும்பத் திரும்ப எழுதிப் பிரயோஜனம் இல்லை. நீங்கள் எழுதியது ஏஎம்டி64 டெபியன், அதாவது சாதாரண 64 பிட் பிசிக்களுக்கானது. ஓசூர் காயலான் கடையில் எடுத்த எச்பி இன்டெக்ரிட்டி ஆர்எக்ஸ்2660-ஓ இட்டானியம் என்ற வேறு வகை சிப் உள்ள மெஷின். இரண்டும் 64 பிட்தான், ஆனால் ஒன்றுக்கானது மற்றொன்றில் ஓடாது. இட்டானியத்துக்கான ஐஏ64 ஐஎஸ்ஓ (டிவிடியில் எழுதும் கோப்பு) வேண்டும்.

சந்தேகம் இருந்தால்:

1. இஎஃப்ஐ ஷெல்லில் (இயங்குதளம் ஏறும் முன் மெஷின் தரும் கட்டளைத் திரை) 'மேப்' கட்டளை கொடுங்கள். வரும் பட்டியலில் சிடிரோம் என்று முடியும் வரியைப் பிடியுங்கள். பட்டியலில் எஃப்எஸ்0 என்ற பெயர் வந்தாலே டிவிடி என்று நினைக்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கில் பழைய எச்பி-யுஎக்ஸ் (எச்பியின் இயங்குதளம்) மிச்சம் இருந்தால் அதுவும் அதே பெயரில் வந்து நிற்கும்.

2. அந்த டிவிடியில் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டரைப் பாருங்கள். அங்கே பூட்எக்ஸ்64 என்ற கோப்பு மட்டும் இருந்தால் அது ஏஎம்டி64 டிவிடிதான், விஷயம் முடிந்தது. பூட்ஐஏ64 இருக்க வேண்டும்.

ஐஏ64-க்கு டெபியன் அதிகாரபூர்வமாகத் தந்த கடைசிப் பதிப்பு 7. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் 6.7 பதிப்பில் இட்டானியத்தைக் கழற்றிவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராது. கற்றுக்கொள்ள அருமையான பெட்டி. ஆனால் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை போன்ற இடத்தின் பில்லிங்கை இதில் ஏற்றி இன்டர்நெட்டில் விடாதீர்கள். அதற்கு ஏஎம்டி64 டெபியன் ஓடும் ஒரு பழைய ஸியான் (இன்டெல் சிப்) சர்வர் போதும்.

நிறுவும்போது மிரர் (மென்பொருளை இறக்கும் சர்வர்) கேட்டால், பழைய பதிப்புகளை வைத்திருக்கும் டெபியன் ஆர்க்கைவ் முகவரியைக் கையால் அடியுங்கள். வழக்கமான மிரர்களில் 7 கிடைக்காது.