வாசகர் கேள்வி: கொல்லைப் பேரி மரம் விறகாக வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் மாமனார் நட்ட பேரி மரம் வேர்ப்பக்கம் உளுத்துச் சாய்ந்ததால், அனுமதி பெற்றுப் பத்து நாள்களுக்கு முன்பு வெட்டினோம். அடிமரத்தில் நல்ல பகுதி ஐந்தடி நீளமும் ஓரடிக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவும் இருக்கிறது. அதில் அஞ்சறைப் பெட்டியும் கரண்டிகளும் செய்ய ஆசை. வெட்டிய முனையில் இப்போதே கீறல் விழுந்திருக்கிறது. எப்படிக் காய வைப்பது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்தக் கீறலைக் கவனியுங்கள். மரத்தின் ஈரம் பக்கங்களைவிட வெட்டுமுனை வழியாகப் பல மடங்கு விரைவாக வெளியேறுவதால், முனை சுருங்கும்போது உள்மரம் சுருங்காமல் நிற்க, அந்த இழுபறியில் வெடிப்பு உண்டாகிறது. கீறிய பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டு, இரு முனைகளிலும் உருக்கிய மெழுகையோ கெட்டியான பழைய பெயின்டையோ இன்றைக்கே இரண்டு முறை பூசிவிடுங்கள்.

அடுத்து, உருட்டுமரமாகவே வைத்திருக்க வேண்டாம். ஆண்டு வளையங்களின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், முழுமரம் வெடிக்காமல் காய்வது அரிது. மில்லில் ஒன்றேகால் அங்குலப் பலகைகளாக அறுத்து, நடுக்குருத்து ஓடும் பகுதியை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் நடைமுறையில் இருப்பதால், வெட்டுவதற்குப் பெற்ற அனுமதித் தாளைப் பத்திரப்படுத்துங்கள்; மரத்தை வண்டியில் ஏற்றும் முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

பலகைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கூரையின் கீழ், காற்று ஊடாடும் பக்கத்தில் அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஓரங்குல ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வருமாறு வைக்க வேண்டும். ரீப்பர் விலகினால் அந்த இடத்தில் பலகை வளையும். பேரி காயும்போது நெளியக்கூடிய மரம் என்பதால் மேலே கனமான கற்களை ஏற்றுங்கள். வெயில் நேராகப் படக்கூடாது. அவசரப்பட்டுக் கணப்பின் அருகே வைத்த பேரிப் பலகை ஒன்று நடு இரவில் படீரென்று பிளந்த ஓசையை நான் கேட்டிருக்கிறேன். அதன் பிறகு எந்தப் பலகையையும் நெருப்பின் பக்கம் கொண்டுபோனதில்லை.

ஓரங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. தொட்டபெட்டாவின் மறைவில் இருக்கும் உங்கள் ஊரில் தென்மேற்குப் பருவமழை சற்றுக் குறைவென்றாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையிலும் மூடுபனியிலும் காய்தல் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே நாள்காட்டியை நம்பாமல் தராசை நம்புங்கள். அடுக்கிலுள்ள ஒரு சிறு பலகையில் அடையாளமிட்டு, மாதம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து, எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். வறண்ட மாதங்களிலும் எடை குறையாமல் நின்றால் வெளிக்காற்றில் காய வேண்டியது காய்ந்துவிட்டது.

ஆனால் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நிலைத்திருக்கும் இடத்தில் மரத்தின் ஈரம் சுமார் 16 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. அந்தப் பலகையில் செய்த பெட்டி கோயம்புத்தூர் போனால் மீண்டும் சுருங்கும். எனவே வேலை தொடங்கும் முன் பலகைகளைச் சில வாரங்கள் வீட்டுக்குள் வையுங்கள். பெட்டியின் அடிப்பலகையைப் பசையிட்டு இறுக்காமல், அசைய இடம் விட்டு, பக்கப் பலகைகளில் வெட்டிய காடிக்குள் (நீள்பள்ளத்துக்குள்) செருகுங்கள்.

கரண்டிக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. மணிக்கட்டைவிடச் சற்றுப் பருமனான கிளைகளை நெடுக்காகப் பிளந்து, குருத்தை நீக்கி, பச்சையாகவே சற்றுத் தடிமனாகச் செதுக்குங்கள். ரேகை நெருக்கமான பேரி, பச்சையில் உளிக்கு வெண்ணெய்போல இணங்கும். செதுக்கியவற்றைக் காகிதப் பையில் சில வாரங்கள் வைத்து மெதுவாகக் காயவிட்டு, பிறகு இழைத்து முடிக்கலாம். கிளைகள் இன்னும் கொல்லையில்தான் கிடக்கின்றன என்றால் இந்த வாரமே தொடங்குங்கள்.