கிருபையும் தசமபாக பாக்கியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். அப்பா இறந்த பிறகு குடும்ப பென்ஷன்தான் எங்கள் வருமானம். அம்மா ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே கம்மலைக் கழற்றியவர். அதற்கப்புறம் பூ வைத்ததில்லை, சினிமா பார்த்ததில்லை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தைத் தவறவிட்டதில்லை. இப்போது சர்க்கரை முற்றிக் காலில் புண். மருந்துக்கே பணம் போதாமல் இரண்டு வருடமாகத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, கொடுக்கவில்லை. அதனால்தான் வியாதி நீங்கவில்லை என்று சபையில் சொல்லிவிட்டார்கள். அம்மா ஒரு நோட்டில் மாதாமாதம் பாக்கி எவ்வளவு என்று எழுதி வருகிறார். இந்தக் கடனோடு ஆண்டவர் முன்னால் எப்படிப் போய் நிற்பேன் என்று ராத்திரியில் அழுகிறார்.

கிருபையினால் இரட்சிப்பு என்று ஞாயிறுதோறும் பாடுகிறோம். அப்புறம் இந்தக் கணக்கு எதற்கு? கேட்டால், "சட்டமே இல்லையென்றால் எவன் ஒழுங்காக இருப்பான்? கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்லவில்லையா?" என்கிறார்கள். விசுவாசித்தால் போதும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அப்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. என் விசுவாசம் போதுமா என்று எப்படித் தெரியும்? அம்மாவின் பாக்கியை நான் எப்படியாவது கட்டிவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் கால் புண்ணுக்கும் தசமபாகத்துக்கும் சம்பந்தம் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் 9-இல் இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் இருந்த எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று லூக்கா 13-இல் அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். இயேசு இரண்டு இடத்தில் மறுத்துவிட்ட தீர்ப்பை, அவர் பெயரைச் சொல்லியே ஒரு நோயாளியின் தலையில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. சர்க்கரை முற்றினால் காலில் ரத்த ஓட்டம் குறையும், உணர்ச்சி மங்கும், புண் ஆறத் தாமதமாகும். இது உடம்பின் காரியம். தினமும் காலைப் பாருங்கள், டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி கிருபைக்கு வருவோம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." எபேசியர் 2:8. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் இந்த நிருபத்தின் பவுல் இதை மனப்பாட வசனமாக மட்டும் வைத்திருக்கவில்லை. இதற்காக அவர் ஒருவரோடு முகத்துக்கு நேராகச் சண்டை போட்டிருக்கிறார். அந்தச் சண்டை நடந்தது ஒரு சாப்பாட்டுப் பந்தியில்.

சிரியாவின் அந்தியோகியா, இன்றைக்குத் துருக்கியில் அந்தாக்கியா என்று இருக்கும் ஊர். காலம் கி.பி. 50-ஐ ஒட்டி. யூத விசுவாசிகளும் யூதரல்லாத விசுவாசிகளும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார்கள். பேதுருவும் அந்தப் பந்தியில்தான் சாப்பிட்டார். அப்போது எருசலேமிலிருந்து, அங்கே சபைத் தலைவராயிருந்த யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் வந்ததும் பேதுரு விலகிப் பிரிந்துகொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். கடைசியில் பர்னபாவும் போய்விட்டார். பர்னபா யார்? தர்சுவுக்குப் போய்ப் பவுலைத் தேடிப்பிடித்து அந்தச் சபைக்குக் கூட்டிவந்தவரே அவர்தான். பேதுருவோ, ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டுக்குள் போய், விருத்தசேதனமில்லாதவர்களோடு, அதாவது யூத முறைப்படி நுனித்தோல் நீக்காத அந்நியரோடு, சாப்பிட்டதற்காக எருசலேமில் ஏச்சு வாங்கியும் தன் பக்க நியாயத்தைத் தைரியமாகச் சொன்னவர். அப்படிப்பட்ட இரண்டு பேர்.

கவனியுங்கள், பேதுரு வாயால் எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை. இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். பவுலுக்கு அதுவே போதுமாக இருந்தது. எல்லார் முன்னாலும் எதிர்த்துக் கேட்டார். ஏனென்றால் அந்த இடமாற்றம் அந்த எளிய விசுவாசிகளிடம் சொன்னது இதைத்தான்: கிறிஸ்து உன்னை ஏற்றுக்கொண்டது சரி, ஆனால் அது மட்டும் போதாது, விருத்தசேதனமும் உணவு விதியும் சேர்ந்தால்தான் நீ என் பக்கத்தில் உட்காரலாம். நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசேயின் சட்டத்தின் கிரியைகளால் ஒருவனும் நீதிமானாவதில்லை என்று பவுல் எழுதியது இந்தச் சம்பவத்தைச் சொன்ன கையோடுதான். கலாத்தியர் 2-ஐ ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். நீதி நியாயப்பிரமாணத்தால் வருமானால் கிறிஸ்து மரித்தது வீண் என்று முடிப்பார். ஒரு பந்தித் தகராறுக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று தோன்றலாம். இரட்சிப்புக்கு இன்னொரு தகுதியைக் கூட்டினால் சிலுவைக்கே வேலை இல்லாமல் போய்விடும் என்பதைப் பவுல் அந்தப் பந்தியில் கண்டுகொண்டார்.

எபேசியரிலும் இதே கதைதான். நாம் 9-ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். கொஞ்சம் கீழே வாருங்கள், 14-ஆம் வசனம்: "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து". எருசலேம் தேவாலயத்தில் அப்படி ஒரு தடுப்பு நிஜமாகவே இருந்தது. யூதரல்லாதவர் இதைத் தாண்டினால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் பொறித்த கல் 1871-இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் இன்னும் கொடுமை. வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து நடுவே சுவரே எழுப்பினார்கள். கால்சட்டையின் இரண்டு கால்போல இரண்டு கூடம். 1910-இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். சீர்திருத்தச் சபைக்காரர்களான நாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட வழியில்லை. சபைக்குள் சாதியை வைக்கக்கூடாது என்று 1833-இல் கல்கத்தா பிஷப் டானியல் வில்சன் கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எத்தனையோ விசுவாசிகள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் கையிலும் எபேசியர் நிருபம் இருந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கிருபையை ஒரு சபை நம்புகிறதா என்று அதன் விசுவாசப் பிரமாணத்தைப் பார்த்து நான் முடிவு செய்வதில்லை. அங்கே பக்கத்தில் உட்கார யாருக்கு இடம் உண்டு என்று பார்ப்பேன். உங்கள் சபையில் கம்மல் போட்ட பெண்ணுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் உண்டா? தசமபாகம் கொடுக்க முடியாத விதவை வியாதியாகக் கிடந்தால் யாராவது வந்து பார்க்கிறார்களா? கேட்டுப் பாருங்கள்.

நகையைக் கழற்றியவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. உங்கள் அம்மாவைப்போல எழுப்புதல் கூட்டத்தில் மனம் உடைந்து, சந்தோஷமாகக் கழற்றிக் கொடுத்த பெண்களை எனக்குத் தெரியும். இத்தனை பவுன் போட்டால்தான் கல்யாணம் என்கிற நாட்டில், நகையே வேண்டாம் என்று ஒரு கூட்டம் சொன்னது சாதாரணக் காரியமா? எத்தனை ஏழை அப்பாக்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்! ஆனால் அம்மா தலைமுறை அன்பினால் கழற்றியதை மகள் தலைமுறைக்கு வாசல் டிக்கெட்டாக மாற்றிவிட்டார்கள். செயல் ஒன்றுதான், கம்மல் இல்லாத காதும் ஒன்றுதான். முதலாவது நன்றியில் பிறந்தது, இரண்டாவது பயத்தில்.

"சட்டமில்லையென்றால் எவன் ஒழுங்காக இருப்பான்?" நல்ல கேள்வி. பவுலிடமே கேட்டிருக்கிறார்கள், ரோமர் 6-ஐத் திறந்தால் இதுதான். எனக்கு இதற்குச் சகேயுதான் பதில். எரிகோவில் வரி வசூலித்துக் கொழுத்தவன். மரத்தில் ஏறிப் பார்த்தவனை அண்ணாந்து பார்த்து, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார் இயேசு. திருப்பிக் கொடு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தார். ஊரே முணுமுணுத்தது. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனை என்கிறான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. பத்தில் ஒன்று என்கிற கணக்கு அங்கே காணாமலே போய்விட்டது.

பழைய ஏற்பாட்டில் சட்டம், புதிய ஏற்பாட்டில் கிருபை என்று சிலர் சுலபமாகப் பிரித்துவிடுவார்கள். அது யூதர்களுக்குச் செய்யும் அநியாயம். யாத்திராகமம் 20-இல் பத்துக் கட்டளைகளுக்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது: உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின கர்த்தர் நானே. முதலில் விடுதலை, பிறகுதான் கட்டளை. கட்டளையைக் கைக்கொண்டால் கடலைப் பிளக்கிறேன் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை.

யாக்கோபைக் காட்டி மிரட்டினார்கள் அல்லவா, அந்த 2-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். பொன் மோதிரமும் நல்ல உடுப்புமாக ஒருவன் சபைக்குள் வருகிறான், கந்தலோடு ஒரு ஏழையும் வருகிறான். பணக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்கு நில், அல்லது என் பாதபடியண்டையில் உட்கார். யாக்கோபு கொதிப்பது இதைப் பார்த்துத்தான். பிறகு, சாப்பாடில்லாத சகோதரியிடம் "சமாதானமாய்ப் போ, பசியாறு" என்று வாயால் சொல்லி அனுப்பும் விசுவாசத்தை அவர் செத்தது என்கிறார். பவுல் அந்தியோகியாவில் எந்தப் பந்திக்காகச் சண்டை போட்டாரோ, அதே பந்தியில் இடம் இல்லாதவனுக்காகத்தான் யாக்கோபும் பேசுகிறார். மருந்து வாங்கக் காசில்லாத விதவையைக் கை கழுவிவிட்டு, யாக்கோபு 2-ஐ அவள்மேலேயே வீசுவது எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் விசுவாசம் போதுமா?

இந்தக் கேள்விதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. விதிகளை எல்லாம் எடுத்துவிட்டு "விசுவாசித்தால் போதும்" என்று சொல்கிறோம். உடனே மனது அந்த விசுவாசத்தையே ஒரு புது விதியாக்கிக்கொள்கிறது. எவ்வளவு விசுவாசம், எத்தனை சதவீதம், நேற்று சந்தேகம் வந்ததே, அது கணக்கில் சேருமா என்று. சுகமளிக்கும் கூட்டங்களில் சுகமாகாதவரிடம் "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லி அனுப்புவதும் இதே நோய்தான். 1505-இல் எர்ஃபர்ட் நகரில் மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூதர், குற்றம் சொல்லமுடியாத துறவியாக வாழ்ந்தும் மனசாட்சிக்கு நிம்மதி இல்லாமல் தவித்ததைக் கடைசிக் காலத்தில் எழுதியிருக்கிறார். தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவருக்கு நிம்மதி வரவில்லை. (மனிதன் நீதிமானாவது எப்படி என்று அவர் கிளப்பிய வழக்கில் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையே கையெழுத்திட்டுவிட்டார்கள். நம் தெருவில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை.)

தென்கலை வைணவர்கள் இதற்கு ஒரு உவமை சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளவேண்டும், பிடி விட்டால் விழும். பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்வித் தூக்கிப்போகிறது. பக்தன் பூனைக்குட்டிபோல என்பது அவர்கள் கட்சி. அவர்களுடைய நம்பிக்கையின் அஸ்திவாரம் வேறு, நம்முடையது சிலுவை. அதைக் குழப்ப வேண்டாம். ஆனால் விசுவாசம் எதை நம்பி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. மாற்கு 9-இல் வலிப்பு வந்த பையனின் அப்பா கண்ணீரோடு சொன்னது என்ன? "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி சந்தேகம் கலந்த ஜெபம். இயேசு அவனை நிறுத்திவைத்து அளந்து பார்க்கவில்லை, பையனைச் சுகமாக்கினார். உங்களுக்குப் பயம் வரும்போது அந்த அப்பாவின் வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். அது போதும்.

கடைசியாகப் பாக்கி. கட்டாதீர்கள். கடன் வாங்கியோ எதையாவது விற்றோ கட்டவே கட்டாதீர்கள்.

தசமபாகத்துக்கு எல்லாரும் மல்கியா 3:10-ஐக் காட்டுவார்கள். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே, விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாகத் தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார். உபாகமம் 14-இன் கடைசியைப் பாருங்கள்: மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை ஊர் வாசலில் வைக்கவேண்டும், லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய. அந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தாலும் உங்கள் அம்மா வாங்கவேண்டியவர்களின் வரிசையில் இருக்கிறார். கொடுக்கவேண்டியது சபைதான்.

மாற்கு 7-உம் இருக்கிறது. பெற்றவர்களுக்குச் செலவழிக்கவேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தகப்பனுக்கும் தாய்க்கும் ஒன்றும் செய்யவிடாமல் தடுக்கிறீர்கள், உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு திட்டினார். உங்கள் கையில் அந்தப் பணம் இருந்தால் அம்மாவின் மருந்துக்கும் காலுக்கு ஏற்ற செருப்புக்கும் செலவழியுங்கள். சபைக்குச் சந்தோஷமாகக் கொடுக்க முடிகிற நாளில் சந்தோஷமாகக் கொடுங்கள், நானும் கொடுக்கிறவன்தான்.

பாஸ்டரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். அவரும் தனக்கு யாரோ சொல்லிக்கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்கிறார். அம்மாவால் நடக்க முடியவில்லை, திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தாருங்கள் என்று மட்டும் கேளுங்கள். பாக்கியைக் காட்டி மறுத்தால் எனக்கு எழுதுங்கள். பக்கத்து ஊர்களில் ஊழியம் செய்கிற நண்பர்கள் இருக்கிறார்கள், யாரையாவது அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்