புதுப் புரொப்பெல்லர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கிட் வாங்கி, இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றை வீட்டிலேயே கட்டி வருகிறேன். இன்ஜின் 100 குதிரைசக்தி ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ். புரொப்பெல்லர் மூன்று கார்பன் பிளேடு. விமானம் தரையில் நிற்கும்போது மட்டும் பிளேடின் சாய்வுக் கோணத்தை மாற்றக்கூடிய வகை. விமானத்தைக் கட்டிப்போட்டு முழு த்ராட்டில் கொடுத்தாலும் இன்ஜின் 4,900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று)தான் வருகிறது. விற்றவர், விட்டம் குறைந்த வேறொன்றை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? கோணம் அளக்க என்ன கருவி வாங்குவது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. கோணத்தை மாற்றலாம் என்றுதானே இந்த வகையை வாங்கினீர்கள்? முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், 4,900 என்பது உண்மைதானா? கையில் பிடிக்கும் ஒளி டாக்கோமீட்டரில் (சுற்றுகளை எண்ணும் கருவி) பிளேடு எண்ணிக்கையை மூன்று என்று வைத்து, பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். அது காட்டுவது புரொப்பெல்லரின் சுற்று; உங்கள் கியர் விகிதமான 2.43ஆல் பெருக்கினால் இன்ஜின் சுற்று வரும். சுமார் 2,015 காட்டினால் உங்கள் மீட்டர் சரி. இரண்டு கார்புரேட்டர்களும் முழுசாகத் திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரி என்றால், பிளேடு காற்றை அளவுக்கு மீறிக் கடிக்கிறது. முழு த்ராட்டிலில் இந்த இன்ஜின் 5,200க்குக் கீழே இருக்கக் கூடாது. அப்படி ஓட்டினால் அதிகச் சுமையில் திணறும். மேல் எல்லை 5,800, அதுவும் 5 நிமிடம்தான். பிளேடின் கோணத்தை ஒரு டிகிரி குறைத்தால் ஏறத்தாழ 200 ஆர்பிஎம் கூடும். பிளேடுக்குப் பிளேடு இது மாறும். ஆகவே ஒரு டிகிரி குறையுங்கள், ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அரை அரையாகப் போங்கள்.

கருவிக்குப் பெரிய செலவு இல்லை. தச்சர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் கோணமானி போதும், நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். அதன் காந்தம் கார்பனில் ஒட்டாது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஹப்பின் (பிளேடுகள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதி) முகத்தில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, புரொப்பெல்லர் கையேடு சொல்லும் தூரத்தில் ஒவ்வொரு பிளேடிலும் டேப் ஒட்டி, மூன்றையும் ஒவ்வொன்றாக ஒரே கிடைநிலைக்குத் திருப்பிக் கொண்டுவந்து அளங்கள். கோணம் 15ஆ 16ஆ என்பதைவிட, மூன்றும் 0.2 டிகிரிக்குள் ஒத்துப்போவது முக்கியம். இல்லாவிட்டால் எடை சரியாக இருந்தாலும் விமானம் ஆடும். போல்ட்டை முறுக்கும்போது பிளேடு லேசாக நகரும், எனவே முறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். மிச்சமாகும் பணத்தில் நல்ல டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் கருவி) ஒன்று வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பிளேடைத் தொடும் முன் இக்னிஷன் சுவிட்சுகள் இரண்டையும் அணைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்த இன்ஜினின் இக்னிஷன் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

கையேடு அனுமதிக்கும் குறைந்த கோணத்திலும் 5,200 வராவிட்டால், அப்போது விட்டத்தைப் பற்றிப் பேசலாம். அதையும் விற்றவரிடம் கேட்காமல் தயாரிப்பாளருக்கே எழுதுங்கள். இன்ஜின் மாடல், கியர் விகிதம், விட்டம், கோணம், கிடைத்த ஆர்பிஎம் எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும்.